மலை மேல சத்தியமா வெள்ளி

சந்திரகலாவின் கடை என் டீக்கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. கிரிவலம் போகிறவர்கள் அடி அண்ணாமலையைத் தாண்டும்போது அதைப் பார்த்திருப்பார்கள். பார்த்தும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ருத்திராட்சம், விபூதிப் பை, சாமி படம், முன்னால் கயிற்றில் தொங்கும் வேண்டுதல் சாமான்கள். எல்லாம் மெல்லிய தகட்டில் அச்சடித்தவை. கண் சரியானவர்கள் கண்மலர் வாங்கி உண்டியலில் போடுவார்கள். கால் சரியானவர்கள் கால் போடுவார்கள். பிள்ளை வேண்டுகிறவர்கள் தொட்டில் போடுவார்கள்.

என் கடைக்குப் பின்னால் மலை. அவள் கடைக்கு எதிரே மலை. நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். வாங்க வருகிற யாரும் தகட்டை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளிதானேம்மா?" என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். உடனே அவள் வலது கையை என் கடைக் கூரைக்கு மேலே நீட்டி, "மலை மேல சத்தியமா வெள்ளிங்க" என்பாள். ஆந்திராக்காரர்கள் வந்தால் அதையே தெலுங்கில், "கொண்ட மீத ஒட்டு, வெண்டி" என்பாள். ஒரு பௌர்ணமிக்கு என் தலைக்கு மேலே எத்தனை சத்தியம் போயிருக்கும் என்று நான் எண்ணியதில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது வியாபாரப் பேச்சாகத் தெரியலாம். எங்களுக்கு அப்படி இல்லை. எங்களுக்கு மலைதான் சாமி. கோயிலுக்குள்ளேயே நின்று கூசாமல் பொய் சொல்கிறவன்கூட மலையைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவான். சந்திரகலா சொல்வாள், ஏனென்றால் அவள் மனதில் பொய் இல்லை.

தண்டராம்பட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். பன்னிரண்டாவது முடித்த கையோடு இங்கே கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் கோதண்டராமன் லாட்ஜ்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவர். நல்ல மனுஷன், கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. முதலில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி எலுமிச்சை சாறு விற்றாள். பிறகு கற்பூரம், பிறகு இந்தக் கடை. ஒருமுறை யாரோ நெல்லூர்க்காரர் குடையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். கடையை அப்படியே போட்டுவிட்டு கிரிவலப் பாதையில் அடுத்த லிங்கம் வரைக்கும் ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குள் இங்கே நாலு பேர் சாமான் எடுத்துக்கொண்டு காசைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கூட்டிச் சொல்லவில்லை, நானே பார்த்தேன்.

அவள் வருவது முகம் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். காலில் கனமான கொலுசு. கல்யாணத்துக்கு அவள் அம்மா போட்டது. விடியற்காலையில் அந்தச் சத்தம் கேட்டால்தான் நான் பாலை அடுப்பில் ஏற்றுவேன்.

தகட்டுச் சாமான்களை சென்னையிலிருந்து மணி என்று ஒரு ஏஜென்ட் அனுப்பி வந்தான். "பாங்காக் வெள்ளிக்கா. அங்க விலை கம்மி" என்று சொல்லியிருந்தான். அவளும் நம்பினாள். விலை கம்மி என்றால் சந்தேகப்பட வேண்டும்; நம் ஊரில் விலை கம்மி என்றால்தான் நம்பிக்கை வருகிறது. போன வருஷம் அவன், "உங்க பேர்லயே லைசென்ஸ் எடுத்து நேரா இறக்கிக்கங்கக்கா, நடுவுல நான் எதுக்கு" என்றான். அவளுக்குப் பெருமையாக இருந்தது. வேங்கிக்காலில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பதிந்தாள். அந்தக் கடைப் பெண் அறிவுமதி, "பொருள் பேர் என்னன்னு போடறது?" என்று கேட்க, இவள், "வெள்ளிக் கண்மலர், வெள்ளித் தொட்டில்னு போடும்மா" என்றாள். அந்தப் பெண் அதை அப்படியே இங்கிலீஷில் அடித்தாள். பாங்காக்காரனும் அதே பேரைப் பெட்டி மேல் எழுதி அனுப்பினான்.

பெட்டிகள் சென்னை விமான நிலையத்தோடு நின்றுவிட்டன. சுங்கத்துறையிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் ஊரில் பாதிப் பேர் கஸ்டம்ஸை 'கஷ்டம்ஸ்' என்றுதான் சொல்வார்கள். அன்றைக்குத்தான் அது எவ்வளவு சரி என்று தெரிந்தது. வெள்ளியை யார் வேண்டுமானாலும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்துவிட முடியாதாம். அதற்கு ரிசர்வ் வங்கி வழியாக அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்களாம். அந்த அனுமதி இவளிடம் இல்லை, ஆகவே சரக்கை ஏன் பறிமுதல் செய்யக் கூடாது என்று நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். கோதண்டராமன் என் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டினார். டீ ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது.

அவள் உடனே மணிக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"யாருக்கா உங்களை வெள்ளினு எழுதச் சொன்னது?" என்று அவன் கத்தினான்.

"வெள்ளியை வெள்ளினு எழுதாம வேற என்னன்னு எழுதறது?"

உடனே அவன் குரலை இறக்கிக்கொண்டு, "சரி, விடுங்க. நேரா போய், அது வெள்ளி இல்ல, வேற மெட்டல், தெரியாம எழுதிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. விட்டுடுவாங்க" என்றான்.

"அப்ப அது வெள்ளி இல்லையா?"

"எழுதிக் குடுங்கன்னுதான் சொன்னேன். இல்லைன்னா சொன்னேன்?"

போன் கட்டாகிவிட்டது. பிறகு அவன் எடுக்கவே இல்லை. சந்திரகலா கடைக்குப் போய், கயிற்றில் தொங்கிய கண்மலர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்து, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் முதுகை நான் அன்றுதான் பார்த்தேன்.

புருஷனும் பெண்டாட்டியும் சென்னைக்குப் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி ஒரு பெண். மரியாதையாகத்தான் பேசினாராம். "வெள்ளிதான்னா அனுமதி இல்லாம கொண்டுவந்ததா ஆகும்மா. விலையும் குறைச்சுக் காட்டினதா ஆகும். சரக்கும் போகும், கேஸும் வரும். வெள்ளி இல்லைன்னா விஷயமே வேற. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

கோதண்டராமன் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்திருக்கிறார். இல்லை என்று சொல், ஒரே வார்த்தை. அவளால் முடியவில்லை. இல்லை என்று எழுதினால், இத்தனை நாள் மலையைப் பார்த்துச் சொன்னதெல்லாம் என்ன? ஆமாம் என்று எழுதினால் ஜெயிலுக்கே போக வேண்டியிருக்குமோ என்று பயம். கடைசியில் அவள் எழுதியது இதுதான்: வெள்ளி என்று நம்பித்தான் வரவழைத்தேன், வெள்ளி என்று சொல்லித்தான் விற்றேன், சோதித்து எனக்கும் சொல்லுங்கள்.

"ஊர் உலகத்துல எவளாவது தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவாளா?" என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கோதண்டராமன் திட்டிக்கொண்டே வந்திருக்கிறார். செங்கம் ரோட்டில் இறங்கியபோது அவருக்கே தொண்டை கட்டிவிட்டது.

சோதனை முடிவு வரும்வரை அவள் பட்ட பாட்டை நான் தினம் பார்த்தேன். எதிர்க் கடைக்காரனுக்கு அதுவும் ஒரு தண்டனை. கயிற்றில் தொங்கியதை எல்லாம் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டாள். யாராவது கண்மலர் கேட்டால், "ஸ்டாக் இல்லீங்க" என்பாள். பக்கத்துக் கடை வல்லரசு அதே சாமானைத்தான் விற்கிறான், அதே மணி கொடுத்ததுதான். அவனுக்குக் கொண்டாட்டம். போன் மணி அடித்தால் இவள் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்பாள். போலீஸ் ஜீப் பௌர்ணமி பந்தோபஸ்துக்குப் போனாலும் கடைக்குள்ளே போய் நின்றுகொள்வாள். சாப்பாட்டுக் கூடையைத் திறக்காமலே சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போவாள்.

ஒரு நாள் டீ வாங்க வந்தவள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"பலராமண்ணா, நான் எதைன்னு வேண்டிக்கறது? வெள்ளியா இருக்கணும்னு வேண்டினா நான் கடத்தல்காரி. வெள்ளியா இருக்கக் கூடாதுன்னு வேண்டினா பொய்க்காரி. லிங்கத்துக்கு முன்னாடி போய் நின்னுட்டு ஒண்ணும் கேக்காம வந்துட்டேன்."

நான் அவள் கிளாஸை வாங்கினேன். சர்க்கரை போட்டேனா என்றுகூடத் தெரியவில்லை. இன்னொரு ஸ்பூன் போட்டுக் கொடுத்தேன்.

"இந்தக் கொலுசு வருஷத்துக்கு ஒருவாட்டி கருத்துப் போவுது. பூந்திக்கொட்டை போட்டுத் தேய்க்கறேன்" என்று காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கடையில தொங்கினது ஒண்ணுகூடக் கருக்கலண்ணா. நல்ல வெள்ளி, அதான் கருக்கலன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அவளை அரித்துக்கொண்டிருந்தது வாங்கிப்போன எல்லோரும் இல்லை. வெளியூர்க்காரர்களை எங்கே போய்த் தேடுவது? முகம் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். அடுத்த தெரு வினோதினி. தனியார் பள்ளியில் டீச்சர். கல்யாணமாகி வருஷக்கணக்கில் குழந்தை தங்காமல், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்துவிட்டு, சந்திரகலா கடையில்தான் வெள்ளித் தொட்டில் வாங்கினாள். அவளுக்கும் மலை மேல் சத்தியம் செய்துதான் கொடுத்தாள். வினோதினி அதைப் பெரிய கோயில் உண்டியலில் போட்டாள். இப்போது ஏழாவது மாதம். பிள்ளை பிறந்தால் கார்த்திகை தீபத்துக்குக் கரும்பில் சேலை கட்டிய தொட்டிலில் போட்டு மாட வீதி சுற்றுவதாக வேண்டுதல். "அக்கா குடுத்த தொட்டில்தான்" என்று வினோதினி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் ஒவ்வொரு முறை அப்படிச் சொல்லும்போதும் இவளுக்கு நெஞ்சில் முள் ஏறியது.

வளைகாப்புக்கு டீ என் பொறுப்பு. கேனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். வினோதினி மனையில் உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் சந்தனம். மாமியார் ஜோதியம்மாள், "கலா, நீ வந்து போடு. உன் கை ராசியான கை" என்று கூப்பிட்டாள். சந்திரகலா தயங்கித் தயங்கிப் போய், கண்ணாடி வளையல் ஒன்றை எடுத்து வினோதினியின் விரல்களைக் குவித்தாள். வளையல் பாதி ஏறியிருக்கும்போது போன் அடித்தது.

சென்னை நம்பர். ஒரு கையால் வளையலைப் பிடித்துக்கொண்டே எடுத்தாள்.

"சந்திரகலாங்களா? ரிசல்ட் வந்துடுச்சும்மா. உங்களுக்கு நல்ல செய்தி." அந்த அதிகாரிதான். என்ன பேசினார் என்று அவள் பிறகுதான் எனக்குச் சொன்னாள். "வெள்ளி துளிகூட இல்ல. ஜெர்மன் சில்வர், பேர்லதான் சில்வர் இருக்கு. பேர் தப்பாப் போட்டதுக்கு சின்ன அபராதம் கட்டிட்டு எடுத்துட்டுப் போகலாம். பயப்படாதீங்க."

"ரொம்ப நன்றிங்க மேடம்" என்றாள்.

போனை வைத்துவிட்டு வளையலை முழுக்க ஏற்றிவிட்டாள். "என்னக்கா, நல்ல சேதியா?" என்று வினோதினி கேட்டாள். "ஆமா வினோ. சரக்கை விட்டுட்டாங்க" என்றாள். அங்கே இருந்த பெண்கள் எல்லோருக்கும் கேஸ் விஷயம் தெரியும். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஜோதியம்மாள் ஒரு தட்டு நிறைய கலந்த சாதம் வைத்துக் கொடுத்தாள். சந்திரகலா கண்ணைத் துடைத்ததை ஆனந்தக் கண்ணீர் என்றுதான் நினைத்தார்கள். சரக்கை விட்டார்கள் என்றால் அது வெள்ளி இல்லை என்று எனக்கு மட்டும் உறைத்தது.

"அவகிட்ட இப்பப் போய் எதையும் சொல்லி வைக்காத. பிள்ளைத்தாச்சி. மனசு ஒடைஞ்சா என்ன ஆவறது?" என்று கோதண்டராமன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவும் நியாயம்தான். சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம் என்று ஆகிவிட்டது.

பெட்டிகள் லாரி சர்வீஸில் வந்து சேர்ந்தன. அவள் பிரிக்கவில்லை. மறுநாள் டவுனுக்குப் போனாள். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரம் மறுபடியும் போனாள்.

மறுநாள் காலை எனக்குப் பால் அடுப்பேற நேரமாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் எதிர்க் கடை திறந்திருக்கிறது. அவள் வந்தது எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. தூங்குமூஞ்சி ஆகிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வினோதினி வந்தாள். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்ததால் தினம் எங்கள் பக்கம் வந்து, என் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். சந்திரகலா அவளைப் பார்த்துவிட்டு தண்ணீர் பாட்டிலோடு பாதையைக் கடந்து வந்தாள்.

"என்னக்கா, பூனை மாதிரி வர்றீங்க. கொலுசு எங்க?"

அப்போதுதான் நான் அவள் காலைப் பார்த்தேன்.

"கழட்டி வச்சிருக்கேன்."

"எதுக்கு? ஒருநாளும் கழட்ட மாட்டீங்களே. எங்க வச்சிருக்கீங்க?"

"வீட்லதான்."

வினோதினி சிரித்துக்கொண்டே, சந்திரகலா செய்கிற மாதிரியே கையை மலைப் பக்கம் நீட்டினாள். "மலை மேல சத்தியமா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டாள். சந்திரகலாவின் கை எழவில்லை. பாட்டிலை பெஞ்சில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோதண்டராமன் சொன்னதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும். ஆனால் ஒரு முறை தெரியாமல் சொன்ன பொய்யை இன்னொரு முறை தெரிந்தே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"நீ போட்ட தொட்டில் வெள்ளி இல்ல வினோ" என்றாள். "எனக்குத் தெரியாது. அன்னைக்கு போன் வந்துச்சே, அதான் சேதி. வெள்ளி இல்லைன்னுதான் சரக்கை விட்டாங்க. நேத்து கொலுசை பத்தர்கிட்டக் குடுத்து, கூடவே உக்காந்து உருக்கி, தொட்டில் செஞ்சு வாங்கினேன். என் கண்ணு முன்னாடியே உரசிப் பாத்தாரு, இது அசல் வெள்ளி. நேத்தே உண்டியல்ல போட்டுட்டேன்."

வினோதினி இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் இறக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

"என் பேர் சொல்லிப் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"உன் பேரு, உன் வீட்டுக்காரர் பேரு, நட்சத்திரம் எல்லாம் சொல்லித்தான் போட்டேன்."

"அப்ப என் பேர்ல ரெண்டு தொட்டில் போட்டாச்சு."

"ஆமா."

"நான் ஒண்ணுதானேக்கா கேட்டேன்."

சந்திரகலாவுக்கு முதலில் புரியவில்லை. கண்ணை விரித்துக்கொண்டு அவள் வயிற்றையே பார்த்தாள்.

"டாக்டர் ஒண்ணுதான்னு சொல்லியிருக்காங்க" என்றாள் வினோதினி. கையை வயிற்றிலிருந்து எடுக்காமலே சிரித்தாள். "சாமிகிட்ட மிச்சத்தை அடுத்த தடவைக்கு வச்சுக்கச் சொல்லுங்க."

சந்திரகலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வினோதினி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் போய் அடுப்பை அணைத்தேன். பால் பாதி தரையில் கிடந்தது.

அடுத்த பௌர்ணமிக்கு எதிர்க் கடையில் பெட்டிகளைப் பிரித்தாள். கண்மலரும் கையும் காலும் தொட்டிலும் மறுபடி கயிற்றில் ஏறின. நாற்காலி பழையபடி மலையைப் பார்த்தது. கூட்டம் ஆரம்பித்ததும் விழுப்புரம் பக்கத்துக்காரர் ஒருவர் கண்மலரைத் தட்டிப் பார்த்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"வெள்ளிதானேம்மா?"

அவள் கை என் கூரைக்கு மேலே நீண்டது.

"மலை மேல சத்தியமா வெள்ளி இல்லீங்க. ஜெர்மன் சில்வர்."

அவர் அவளையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்துக் கடையில் வல்லரசு அதே கண்மலரைக் காட்டி, சுத்த வெள்ளி என்று கூவிக்கொண்டிருந்தான். அவர் இவளிடமே ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் வந்தவர் வாங்கவில்லை.